கோர்ட் நகல்

தாள் இருக்கிறதா என்று ஜெபக்கனியின் இடக் கை மறுபடியும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது. இருந்தது. வலக் கை துறைமுகத்துப் பக்கம் நீண்டு உப்பு லாரிகளை நிறுத்தி வைத்திருந்தது. தூத்துக்குடி வெயிலில், நாலு முக்கு ரோட்டின் நடுவே, குடை நட்ட மேடையில் நின்றபடி காலையிலிருந்து எத்தனை தடவை அப்படித் தொட்டிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. போக்குவரத்து ஏட்டுக்கு ஒரு கை போதும். இன்னொன்று விசில் பிடிக்கும், வியர்வை துடைக்கும். இன்றைக்கு அது ஒரு ரோஸ் நிறத் தாளுக்குக் காவல் இருந்தது. நேற்றுச் சாயங்காலம் அவளே எழுதிய சீட்டு, குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்கு. பெயர் எட்வின், தகப்பன் பெயர் ஞானமுத்து, தொழில் டிரெய்லர் டிரைவர். சீட்டுக்கு மூன்று நகல்: வெள்ளைத் தாள் மாட்டிக்கொண்டவனுக்கு, மஞ்சள் புத்தகத்திலேயே இருக்கும், ரோஸ் கோர்ட்டுக்கு. நேற்று எழுதிய மற்ற ரோஸ் தாள்கள் ரப்பர் பேண்டு போட்ட கட்டாக ரோட்டோரப் பூத்துக்குள் மேசைமேல் கிடக்கின்றன. கோர்ட் டியூட்டி பார்க்கிற சுடலையாண்டி அண்ணாச்சி உச்சிப் பொழுதுக்குள் வந்து கட்டை வாங்கிக்கொண்டு போவார். இந்த ஒன்று மட்டும் கட்டில் இல்லை. உருவி எடுத்தது அவள்தான், யாரும் சொல்லி எடுக்கவில்லை. இல்லை, அம்மா சொன்னாள். ஆனால் அம்மா கிழிக்கத்தான் சொன்னாள், உருவச் சொல்லவில்லையே. உருவினால் குற்றமா, கிழித்தால்தான் குற்றமா, அல்லது உருவ நினைத்தபோதே குற்றம் முடிந்துவிட்டதா. லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். அவள் கையை மாற்றினாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நின்றது, துறைமுகம் நகர்ந்தது.

அம்மாவின் போன் விடிந்தும் விடியாமலும் வந்தது. ஜெபக்கனி இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். "ஏட்டி ஜெபா, நேத்து சாயங்காலம் ஒருத்தன் மேல குடிச்ச கேசு எழுதினியா?" "தெனந்தான் எழுதுதேன், யாரும்மா?" "நம்ம மாப்பிள்ளைட்டி! பியூலாவுக்குப் பேசி முடிச்சிருக்கோம்லா, ராசா, அவன்தான்!" தங்கைக்குப் பார்த்த மாப்பிள்ளைக்கு ராசா என்பது வீட்டுப் பெயர் என்றும் லைசென்சில் எட்வின் என்று இருக்கும் என்றும் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. போட்டோவை மட்டும் காட்டினார்கள். அதில் ஸ்டுடியோக்காரன் அந்த ஆளின் கன்னத்தை வெளுக்க வைத்து, பின்னால் ஒரு நீல அருவியை ஓடவிட்டிருந்தான். அருவி இல்லாமல், ஹெல்மெட்டைக் கழற்றிய கையோடு, தலை கலைந்து, கண் சிவந்து எதிரில் வந்து நின்றவனை எப்படி அடையாளம் தெரியும். "அவங்கம்மா காலைல அஞ்சு மணிக்கே போன்ல ஒரே அழுகை. லைசென்சைப் பிடுங்கிட்டா கம்பெனில வச்சிருக்க மாட்டானாம், வேலை போயிருமாம். வேலை இல்லாதவனுக்குப் பொண்ணக் குடுப்பீங்களான்னு எங்கிட்டயே கேக்கா. சீட்டக் கிழிச்சுரச் சொல்லுங்கன்னு கெஞ்சுதா. நான் என்ன சொல்ல? நீ எழுதுனதுதான, நீயே கிழிச்சுப் போட்டுரு. யாருக்குத் தெரியும்?" யாருக்குத் தெரியும். மாவு தட்டைத் தாண்டி அடுப்பு மேடையில் வழிந்துகொண்டிருந்தது, அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

யாருக்குத் தெரியும் என்றால் புத்தகத்துக்குத் தெரியும். ஒவ்வொரு இலையிலும் நம்பர் அடித்திருக்கிறது. முன்னால் இங்கே போலீஸ்காரனாக இருந்த பொன்னுலிங்கத்தின் கதை ஸ்டேஷன் முழுக்கத் தெரியும், புதிதாக வருகிற போலீஸ்காரனுக்கு டீ வாங்கிக் கொடுத்துச் சொல்கிற கதை. வேண்டப்பட்டவர் யாருக்கோ எழுதிய சீட்டை ஒளித்து வைத்திருந்தான், திடீரென்று மேலிடத்திலிருந்து சோதனைக்கு வந்துவிட்டார்கள், மனுஷன் வேறு வழி தெரியாமல் கோர்ட் நகலை வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டான். விழுங்கியதைப் பார்த்த அதிகாரி ஒரு டம்ளர் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தாராம். குடித்து முடித்த பிறகு, சரி, இப்போது மஞ்சளைக் காட்டு என்றாராம். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்திருக்கிறாள். பொன்னுலிங்கத்தின் மனைவி பிறகு பிரிண்டிங் பிரஸ்ஸில் வேலைக்குப் போனாள் என்பதை யாரும் அந்தக் கதையோடு சேர்த்துச் சொல்வதில்லை. அதற்குப் பிறகுதான் காலை அணிவகுப்பில் அந்தச் சுற்றறிக்கையை வாசித்தார்கள். எழுதிய சீட்டை எழுதியவரே அழிக்கக் கூடாது, மறைக்கக் கூடாது, திருத்தக் கூடாது. தவறாக எழுதியிருந்தாலும் மூன்று நகலையும் குறுக்கே கோடிட்டுக் காரணம் எழுதி ஒப்படைக்க வேண்டும். எழுதிய நொடியிலிருந்து அது கோர்ட்டுச் சொத்து. அழிக்கிறவர் மட்டும் குற்றவாளி அல்ல, அழிக்கச் சொல்கிறவரும் குற்றவாளி. அழிக்கச் சொல்கிறவரும். அப்போது அம்மாவும். சுங்கடிச் சேலையைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டு கூண்டில் ஏறி நிற்கும் அம்மா. ஐயா, எம் பொண்ணு வாழ்க்கைன்னுதான் சொன்னேன். எந்தப் பொண்ணு என்று ஜட்ஜ் கேட்பார். அம்மா திரும்பிப் பார்ப்பாள். இரண்டு பெண்களில் எவளைக் காட்டுவாள்.

மேடையில் ஏறியதிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை, குடித்தால் போக வேண்டும், போவதென்றால் ரோட்டைக் கடந்து பேங்குக்குள் நுழைந்து வாட்ச்மேனிடம் சிரித்து வைக்க வேண்டும். குடிக்காமலும் போக வேண்டும்போல் இருக்கிறது. பயம் முதலில் மூத்திரப்பையில்தான் வந்து உட்காருகிறது. வியர்வை முதுகில் ஓடி இடுப்பு பெல்ட்டில் தேங்கியது, மார்பிலும் ஓடியது, தாள் நனையும். நனைந்தால் மை கலையும். கார்பன் எழுத்து கலையுமா? கலைந்து தானாகவே ஒன்றும் தெரியாமல் போனால் அது அழித்ததாகுமா? வியர்வைக்கு யார் பொறுப்பு. கடவுள் கொடுத்த வியர்வை, அரசாங்கம் கொடுத்த காக்கி, இரண்டும் சேர்ந்து அழித்துவிட்டன என்று எழுதிக் கொடுக்கலாம். சீ, என்ன நினைப்பு. எதிர்ப்பக்கம் ஒரு பையன் இரண்டு பேரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தும் பார்க்காதவன்போல் நழுவினான். வழக்கமாக விசில் வாய்க்குத் தானாகப் போகும். இன்றைக்குப் போகவில்லை. பையில் இதை வைத்துக்கொண்டு அவனை நிறுத்த நான் யார்.

ஆனால் பியூலாவுக்கு அவள் பட்ட கடன் ஒன்று இருக்கிறது, எந்தக் கோர்ட்டும் கேட்காத கடன். அப்பா பக்கவாதத்தில் ஒரு பக்கம் இழுத்துப் படுக்கையில் விழுந்தபோது ஜெபக்கனி போலீஸ் பயிற்சியில் இருந்தாள். பிறகு டியூட்டி, பிறகு கல்யாணம், பிறகு இரண்டு பிரசவம், டியூட்டி. பியூலாதான் அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்தாள், மலம் அள்ளினாள், கஞ்சியைப் புகட்டி வாயோரம் வழிவதைத் துடைத்தாள். பெண் கேட்டு வந்தவர்களை அம்மா பிறகு பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பினாள். அப்பாவை அடக்கம் செய்த பிறகு கேட்டு வர ஆளில்லை. முப்பத்தைந்தை நெருங்குகிறாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசியோடு உட்கார்ந்திருக்கிறாள், பயந்தவர்கள் கையைத் தடவி, அந்தப் பக்கம் பாருங்க அண்ணாச்சி, எறும்பு கடிச்ச மாதிரிதான் என்று சொல்கிறாள். இந்த வரனுக்குச் சரி சொன்ன ராத்திரி போனில் அவள் குரல் வேறாக இருந்தது. என்ன வேறு என்று அன்றைக்குப் புரியவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசியிருக்கிறாள். சரி, கிழித்துவிடலாம். பூத்துக்குள் போய், நாலாக, எட்டாக. வேண்டாம், மஞ்சள் இருக்கிறதே. மஞ்சளையும். நம்பர் இருக்கிறதே. புத்தகமே தொலைந்தால்? புத்தகம் தொலைந்தால் வேலை தொலையும். சுற்றிச் சுற்றி வந்து மனசு அந்த நம்பரில் முட்டி நின்றது. அப்படியே கிழித்தாலும் கல்யாணத்தன்று மாலையோடு நிற்கிறவனைப் பார்க்கும்போது யார் தெரிவான், மாப்பிள்ளையா, இல்லை மெஷினில் ஊதியவனா. குடிக்காத ஆம்பள எங்கட்டி இருக்கான் என்று அம்மா கேட்டாள். ஏன், ஜெபக்கனியின் வீட்டிலேயே இருக்கிறான். அவள் புருஷன் ஒரு சொட்டு தொட்டதில்லை. சிரித்தும் வருஷங்கள் ஆகின்றன. சாப்பாட்டில் உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற, குடிக்காத ஆம்பள.

இதையெல்லாம்விட ஒன்றுதான் அவளை விடாமல் குடைந்தது. அவன் ஏன் ஒன்றும் சொல்லவில்லை? பெண் பார்க்க வந்தபோது அவள் திருவிழா பந்தோபஸ்தில் இருந்தாள், நேரில் பார்த்ததில்லை. ஆனால் அம்மா வீட்டு முன்னறையில், நாற்காலிக்கு நேர் எதிரில், காக்கி போட்ட அவள் போட்டோ மாட்டியிருக்கிறது. அவன் அதைப் பார்த்துக்கொண்டுதான் காப்பி குடித்திருப்பான். நெஞ்சில் பெயர்த்தகடு வேறு, ஜெபக்கனி என்று ஊருக்கெல்லாம் தெரிகிற மாதிரி. நேற்று கூட டியூட்டி பார்க்கிற போலீஸ்காரன் முத்துசெல்வம் மூச்சில் சாராயத்தை அளக்கிற மெஷினை நீட்டினான், எட்வின் ஊதினான், நம்பரைப் பார்த்து முத்துசெல்வம் விசிலடித்தான். அவள் பெயர் கேட்டாள், சொன்னான். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான், பெயர்த்தகட்டைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். மற்றவர்கள் எத்தனை பேச்சுப் பேசுவார்கள், வட்டச் செயலாளர் பெயர் சொல்வார்கள், கண்ணீர் விடுவார்கள், இருமல் மருந்து குடித்தேன் என்பார்கள். இவன் கையெழுத்துப் போட்டான், வெள்ளைத் தாளை மடித்து வைத்துக்கொண்டான், வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்து போனான். நான் உங்க தங்கச்சியக் கட்டிக்கிடப் போறவன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் பேனா நின்றிருக்குமா? நின்றிருக்கும் என்று பயமாக இருந்தது. அவன் சொல்லாததால் அவள் தப்பித்தாள். அவளைச் சங்கடத்தில் மாட்டக் கூடாது என்றுதான் வாயை மூடிக்கொண்டானோ. அப்படியென்றால் நல்லவன். ஒரு நாள் குடித்திருக்கலாம், ஆயிரம் காரணம் இருக்கும். தப்பை ஒத்துக்கொண்டு பேசாமல் போகிற ஆண்பிள்ளை இந்த ஊரில் எத்தனை பேர். அப்படிப்பட்டவனுக்காக ஒரு தாளைக் கிழிக்கலாம், கிழித்தால்கூட அது பாவமில்லை. ஆனால் அப்படிப்பட்டவன் கிழிக்கச் சொல்ல மாட்டானே. சொன்னது அவன் இல்லையே, அவன் அம்மாதானே. அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரிந்தால் வேண்டாம் என்பான். ஒரு மௌனத்தை எடுத்து எத்தனை சட்டை தைத்துப் போட்டுப் பார்த்துவிட்டாள் காலையிலிருந்து.

"ஏட்டம்மா, செத்த நேரம் நான் நிக்கேன், நீங்க பூத்துல உக்காருங்க. மூஞ்சியே சரியில்ல," என்று முத்துசெல்வம் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்தான். இருபத்தாறு வயசுக்காரன், எல்லாம் தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கக் கற்றுக்கொண்டவன். "நேத்துக் கட்டுல ஒண்ணு குறையுது, எண்ணிட்டேன்," என்றான் குரலைத் தாழ்த்தி. "எங்கிட்ட இருக்கு." "சரி." ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நாந்தான் மெஷினப் பிடிச்சேன். என்னயும் கேப்பாங்க. அதுக்குத்தான் சொன்னேன், வேற ஒண்ணுமில்ல." அவள் மேடையிலிருந்து இறங்கினாள். இவனை மறந்தே போயிருந்தாள். கிழித்தால் இவனும் போவான், போன மாசம்தான் இவனுக்குப் பிள்ளை பிறந்தது, சர்க்கரை கொடுத்தான். ஒரு தாளுக்குப் பின்னால் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

பூத்துக்குள் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினாள். போன் மறுபடி துடித்தது, அம்மா, அவள் எடுக்கவில்லை. தாளை எடுத்து மேசைமேல் விரித்தாள். ஈரத்தில் ஓரம் சுருண்டிருந்தது, எழுத்து ஒன்றுகூடக் கலையவில்லை. அவளுடைய கையெழுத்து இத்தனை அழுத்தமானது என்று இப்போதுதான் பார்க்கிறாள். மூலையைப் பிடித்துப் பார்த்தாள், இரண்டு விரலால், சும்மா, எவ்வளவு எளிதில் கிழியும் என்று பார்க்கிறவள்போல. அப்போது வாசலில் நிழல் விழுந்தது. பியூலா. பரிசோதனை நிலையத்து வெள்ளைக் கோட்டைக் கழற்றாமலே வந்திருந்தாள், மூச்சு வாங்கியது.

"கிழிச்சிட்டியாக்கா?"

"இல்ல."

பியூலா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தாளைத் தன் பக்கம் திருப்பி வாசித்தாள். எத்தனையோ பேருடைய ரத்த ரிப்போர்ட்டை வாசிக்கிற கண், எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்த கண், மெஷின் காட்டிய நம்பரில் போய் நின்றது. "நிறையத்தான் குடிச்சிருக்காரு," என்றாள். அழவில்லை.

"பியூ, அவரு நேத்து எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. என்னைத் தெரிஞ்சிருக்கு, ஆனா சொல்லல. நல்ல மனுசனாத்தான் இருக்கணும். காலைலருந்து அதையே யோசிச்சிட்டு நிக்கேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அம்மா சொன்னதும் அவருக்குப் போன் போட்டேன். உங்கம்மா கிழிக்கச் சொல்லிக் கேட்டாங்களாமே, உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"அம்மா பேசும்போது பக்கத்துலதான் இருந்தேன்னாரு. எங்கக்காவுக்கு வேலை போயிருமேன்னேன். 'அவங்க போலீஸ்தான, பாத்துக்கிடுவாங்க'ன்னாரு." பியூலா தாளை மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவினாள், சுருண்ட ஓரம் நிமிரும்வரை நீவினாள். "அவ்வளவுதான்க்கா. பேசாம இருக்காரு. நீ எழுதும்போதும் பேசல, அவங்கம்மா அழும்போதும் பேசல. யாராவது பாத்துக்கிடுவாங்கன்னு இருக்காரு. இத்தன வருசம் நான் ஒருத்தரப் பாத்துக்கிட்டேன். அப்பா முடியாம கெடந்தாவ. இவருக்குக் கையும் காலும் நல்லாத்தான இருக்கு?"

ஜெபக்கனி காலையிலிருந்து தைத்த சட்டைகள் எல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்ந்து விழுந்தன. "வேற வரன் வராது பியூ," என்றாள். சொன்ன பிறகுதான் அது அம்மாவின் வாக்கியம் என்று உறைத்தது.

"வராட்டாப் போகுது. நான் வேண்டாம்னு சொல்லலக்கா. கோர்ட்டுல போயி அவரா நிக்கட்டும். ஆமா குடிச்சேன்னு அவர் வாயால சொல்லட்டும். வேலை போனா வேற வேலை தேடட்டும். அதுக்கப்புறம் வந்து எங்கிட்டப் பேசட்டும். வந்தா யோசிக்கேன். வரலைன்னா தெரிஞ்சு போச்சுல்லா." எழுந்து கோட்டை உதறினாள். "அம்மாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீ போன எடுக்காத. உன்ன ஏசுவா. என்னயும் ஏசுவா, ஆனா எனக்குப் பழக்கம்."

வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சுடலையாண்டி அண்ணாச்சி, வெற்றிலை போட்ட வாயோடு, தோல்பையைத் திறந்தபடி உள்ளே வந்தார். "கட்டு தயாரா ஏட்டம்மா?" ஜெபக்கனி ரப்பர் பேண்டைக் கழற்றினாள். ரோஸ் தாளை நம்பர் வரிசையில் அதன் இடம் பார்த்துச் செருகினாள். மறுபடி கட்டினாள். அவர் எண்ணினார், எச்சில் தொட்டுத் தொட்டு எண்ணினார், அந்தத் தாளில் விரல் நின்றது. "இது என்ன நனைஞ்சிருக்கு?" "வேர்வை அண்ணாச்சி." "இந்த வெயிலுக்கு மனுசனே கரைஞ்சிருவான்," என்று பையில் போட்டார். பை மூடியது. அவ்வளவுதான். ஏதோ பெரிதாக நடக்கும் என்று உடம்பு காத்துக்கொண்டிருந்தது, ஒன்றும் நடக்கவில்லை, மோட்டார் சைக்கிள் கோர்ட் பக்கம் போனது. நிம்மதி வரும் என்று நினைத்தாள், அதுவும் வரவில்லை. வந்தது வேறு என்னவோ, பல் பிடுங்கிய இடத்தை நாக்கு போய்த் தடவுகிற மாதிரி. அவன் கோர்ட்டுக்கு வருவானா. வந்து தலை குனிவானா, வாய் திறப்பானா. வரவில்லையென்றால் பியூலா அந்த ஊசியோடே உட்கார்ந்திருப்பாள், நான் எழுதியதால் என்று நினைக்க மாட்டாள், ஆனால் நான் நினைப்பேன். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் அம்மா வீட்டுக்குப் போகும்போது நினைப்பேன்.

"வாரேன்க்கா. மூணு பேருக்கு ரத்தம் எடுக்கணும், சாப்பிடாமக் காத்துக் கெடக்காவ," என்று பியூலா ரோட்டோரம் போய் நின்றாள். இரண்டு பக்கமும் லாரி, டிரெய்லர், பஸ், ஆட்டோ, இடைவெளியே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு கால் எடுத்து வைத்தாள், பின்வாங்கினாள். ஜெபக்கனி தொப்பியை மாட்டிக்கொண்டு மேடைக்கு ஓடினாள், முத்துசெல்வத்தை நகரச் சொன்னாள். விசிலை வாயில் வைத்து அடிவயிற்றிலிருந்து ஊதினாள். ஒரு கையைத் துறைமுகத்துக்கு நீட்டினாள், இன்னொரு கையைப் பஸ் ஸ்டாண்டுக்கு நீட்டினாள், திரும்பி மற்ற இரண்டு பக்கத்தையும் முறைத்தே நிறுத்தினாள். நாலு பக்கமும் நின்றது. இன்ஜின்கள் உறுமின, பின்னாலிருந்தவர்கள் விஷயம் தெரியாமல் ஹாரனை அழுத்தினார்கள். அக்காவை ஒரு தடவை பார்த்துவிட்டு, வெள்ளைக் கோட்டின் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டு, வெறும் ரோட்டின் நடுவே பியூலா நடந்தாள். அவள் அவசரப்படவில்லை.

முன்னால் நின்ற டிரெய்லரிலிருந்து ஒருத்தன் தலையை வெளியே நீட்டினான். "என்ன மேடம், யாரு வாரா? மந்திரியா?"

ஜெபக்கனி தங்கை எதிர்க்கரை ஏறுகிறவரை கைகளை இறக்கவில்லை.